ஆற்றங்கரை முகாமும் உன் நுளம்பு வலையும்

வெள்ளவத்தையில் இன்றைக்கு நல்ல வெயில். பிள்ளைகளின் விடுமுறை முகாமிலிருந்து கொண்டு வந்த, படுக்கைக்கு மேல் கட்டுகிற நுளம்பு வலைகளைத் துவைத்து பல்கனிக் கொடியில் போட்டிருக்கிறேன். கடற்காற்று அடிக்கிறபோது எல்லாம் ஒன்றாக ஊதி எழும்புகின்றன. கீழ்மாடியில் இருப்பவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன அக்கா, வீட்டிலை கலியாணமோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவள், கடைசி வலையில் நின்றுவிட்டேன். அது உன்னுடையது. இந்த வருஷம் அதை யாரும் கட்டவில்லை. பையில் போய்ப் பையிலேயே திரும்பி வந்தது. இரண்டு தரம் சவர்க்காரத்தில் ஊறப் போட்டும் உன் தைலத்தின் மணம் அதை விட்டுப் போகவில்லை.

இந்த வலைகளை எடுத்துப் போக நாளைக்கு ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. முகாமுக்குப் போகும் முன்பே நான்தான் சொல்லி வைத்தேன். இதுதான் கடைசி முகாம், இனி இந்த வீட்டில் இவ்வளவு வலை எதற்கு என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். நீ இல்லாமல் நடந்த முதல் முகாம் அது. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் அரை மணித்தியாலம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

உன்னை முதன்முதல் கண்ட கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய். அப்போது நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கூட வேலை செய்த ஒருவர், "குவேக்கர் எண்டு ஒரு கிறிஸ்தவச் சபை ஆக்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலை கூடுறவை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூட்டிப் போனார். ஒரு அறை, வட்டமாகக் கதிரைகள். படம் இல்லை, விளக்கு இல்லை, கையில் ஒரு புத்தகம்கூட இல்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். ஃபாதர் சுணங்கிப் போனார் போல என்று நினைத்து நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. ஒருவர் இருமினார். எனக்குக் கால் விறைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த நீ தொண்டையை மெல்லச் செருமிவிட்டு என் பக்கம் கை நீட்டினாய். நானும் கை கொடுத்துவிட்டு, "எப்ப தொடங்கும்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிரிச்சே" என்றாய்.

எனக்கு வந்த எரிச்சலை நீ தேத்தண்ணியும் கடலை வடையும் தந்துதான் அடக்கினாய். கொட்டாஞ்சேனையில் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து இங்கே வருகிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. "அம்மாவும் கேப்பாங்க, பூசை இல்ல, பாட்டு இல்ல, அது என்ன கோயில்னு. அங்க நான் ஆண்டவரோட கதைக்கிறது. இங்க அவர் கதைச்சாக் கேக்கிறது" என்றாய். அவர் கதைத்தாரா என்று கேட்டேன். "இன்னைக்கி நீ மூச்சு விட்ட சத்தத்தில ஒண்ணும் கேக்கல்ல" என்றாய். முதல் நாளே 'நீ' போட்டுவிட்டாய். கோபித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் இன்றைக்கும் குவேக்கர் இல்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. என்னை நீ பிடித்துக்கொண்டது முகாமுக்கு. "உனக்குக் கணக்குப் பாக்கத் தெரியும், சத்தம் போடத் தெரியும். இங்க ரெண்டுக்கும் ஆள் இல்ல" என்று சொல்லிக் கூட்டிப் போனாய். களனிக்கு அப்பால் ஆற்றங்கரையில் அந்தப் பழைய வீடு, முற்றத்தில் ஜம்பு மரம், பின்னால் ஒரு கிணறு. கோடைகால முகாம் என்று வெளிநாட்டிலிருந்து வந்த பெயர்ப் பலகை ஒன்று வாசலில் தொங்கியது. எங்களுக்கு மார்கழியும் கோடைதானே என்று நீ அதைக் கழற்றி, சமையலறையில் தேங்காய் வைக்கிற பலகையாக்கினாய். கொழும்பிலிருந்து வருகிற கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கிருலப்பனைப் பிள்ளைகள். தமிழும் சிங்களமும். எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்குக் கீழே எடுப்பதில்லை. மேலே பள்ளிக்கூடம் முடிக்கும் வரை வரலாம். பாடசாலை விடுமுறையில் ஒரு வாரம், இரவும் பகலும் அங்கேயே.

ஆளையாள் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எல்லோரும் சமம் என்பது குவேக்கர் முறை. எங்கள் பிள்ளைகளுக்கு அது வாயில் வரவில்லை. என் வயதுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றால் அதுகள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றன. கடைசியில் பிள்ளைகளே கூடி இருந்து ஒரு வழி சொன்னார்கள்: நாங்கள் உங்களை அக்கா என்றே கூப்பிடுகிறோம், நீங்கள் எங்களை 'நீங்கள்' என்று கூப்பிடுங்கள். அன்றிலிருந்து அந்த வளவுக்குள் எட்டு வயதுக்காரியும் 'நீங்கள்'தான். நீ அதில் வெகு கவனம். வளவுக்குள் இருக்கிற வரை என்னையும் 'நீங்க' என்பாய். படலை தாண்டினால் "என்னடி" என்பாய்.

சாப்பாட்டுக்கு முன் மண்டபத்தில் எல்லோரும் மௌனமாக இருப்பது வழக்கம். முன்னால் இரண்டு கதிரை, உனக்கும் எனக்கும். போதும் என்று தோன்றும்போது நீ தொண்டையைச் செருமிக் கை நீட்டுவாய், நான் கை கொடுப்பேன், அதோடு முடியும். அதுவரை ஒரு பிள்ளையும் எழும்பாது, பசித்தாலும் எழும்பாது. ஒரு விஷயத்தைத் தீர்மானிப்பதும் அப்படித்தான். வாக்கெடுப்பு இல்லை. ஒருவருக்குச் சம்மதம் இல்லை என்றால் அந்தக் காரியம் அந்த இடத்தில் நிற்கும். எல்லோருக்கும் மனம் ஒத்து வந்தால், கை கொடுத்து முடிப்போம். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அலுவலகத்தில் இப்படி இருந்தால் ஒரு கோப்பும் மேசையை விட்டு நகராது என்று உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

தொலைபேசிகளைச் சேர்த்துப் பெட்டியில் வைக்கிற விஷயம் நினைவிருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் சம்மதித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். அவளுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலை. பின்னேரத்தில் ஒரு தரம்தான் கதைக்க விடுவார்களாம். நான் உன் காதுக்குள், "ஒருத்திக்காக எல்லாரையும் வைச்சுக்கொண்டு இருக்கேலாது. கையை உயர்த்தச் சொல்லுவம்" என்றேன். நீ, "கொஞ்சம் இருப்பமே" என்றாய். அந்த ஒரு சொல்லுக்கு நான் படாத பாடு பட்டிருக்கிறேன். இருந்தோம். கடைசியில் ஒரு சிங்களப் பிள்ளை, அவள் எங்களுக்கு முன்னாலேயே கதைக்கட்டுமே என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு ஸ்டூலில் அந்தத் தொலைபேசி. முதல் நாள் அந்தத் தாய் அழுதாள். போகப் போக, இன்றைக்கு என்ன கறி என்று விசாரித்தாள். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்று அத்தனை பேரும் இரண்டு பாஷையிலும் கத்தினார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். சொல்லாமல் பார்க்கிற அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது.

ஆனால் உண்மையாகவே உன்னோடு கோபித்துக்கொண்டது பெற்றோல் வரிசைக் காலத்தில். முகாமை நடத்துகிற குழுவின் கூட்டத்தில் நான்தான் சொன்னேன்: இந்த வருஷம் இரவு தங்கல் வேண்டாம், வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்துப் பகலில் வைத்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவோம். எரிவாயு இல்லை, வாகனம் இல்லை, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும், "எனக்கு இன்னும் மனசு வரல்ல" என்றாய்.

ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பகல்ல எல்லாப் பிள்ளையும் விளையாடும். ஆறு மணிக்கி அதுஅது தன்ட வீட்டுக்குப் போயிரும். ஒண்ணாப் படுத்தாத்தான் மத்த வீட்டுப் பிள்ளையும் இரவுல அம்மாவைத் தேடுதுன்னு தெரியும்."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் அரிசிப் பானை எதில் போகும் என்று நான் கேட்டேன். ஒருத்தி சம்மதிக்காததால் கூட்டம் அப்படியே கலைந்தது. நான் உன்னோடு கதைக்காமல் பஸ் ஏறினேன். அடுத்த கிழமை நீ வாசலில் வந்து நின்று, "தம்பிட லொறி இருக்கி" என்றாய். உன் தம்பி பேலியகொடை மீன் சந்தையில். கழுவித் தருகிறேன் என்று சத்தியம் பண்ணினான். கழுவியும்தான் தந்தான். பாயும் பானையும் விறகும் நுளம்பு வலைகளும் அந்த லொறியில் போக, பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். பின்னேரம் வலைகளைக் கட்டியதும் வீடு முழுக்கப் பாரை மீன் மணம். ஆற்றங்கரைப் பூனைகள் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. நீ மீன் மணத்துக்கு மருந்து என்று உன் தைலப் போத்தலை எடுத்து உன் வலையின் ஓரம் முழுக்கப் பூசினாய். பூனை போகவில்லை, எங்கள் நித்திரைதான் போனது. அந்த முகாம்தான் நாங்கள் நடத்தியதிலேயே திறமானது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், ஆகையால் மனக்குறை ஒன்றும் இல்லை.

போன வருஷ முகாமில் நீ பாதி நேரம் கதிரையிலேயே இருந்தாய். முழங்கால் நோ என்றாய், நானும் முழங்கால் என்றே நம்பினேன். பிறகு ஆசுபத்திரி. ஆறிப்போன கஞ்சியை வைத்துக்கொண்டு, "அடுத்த முகாம் நீ செய்வ தானே?" என்று கேட்டாய். "நீ வராட்டி நான் செய்யமாட்டன். எனக்கென்ன விசரே?" என்றேன். நீ, "கொஞ்சம் இருப்பமே" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று கொட்டாஞ்சேனையே திரண்டு வந்தது. துறைமுகத்து ஆட்கள், சந்தை ஆட்கள், பழைய முகாம் பிள்ளைகள் வளர்ந்து மீசையோடு. ஃபாதர் செபம் முடித்துப் போன பிறகு குவேக்கர் ஆட்களும் நானும் கல்லறையைச் சுற்றி மௌனமாக நின்றோம். கடைசியில் ஒருவர் என் பக்கம் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே நடந்துபோய் முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டேன். கை கொடுத்தால் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

இந்த வருஷம், நாங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட முகாமை நடத்திக் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் போனேன். நான் விட்டால் எடுத்து நடத்த ஆள் இல்லை என்று குழுவிலும் சொல்லிவிட்டார்கள். உன் இடத்துக்கு ஒரு இளம் ஆசிரியையைத் தந்தார்கள். நல்ல பிள்ளை, வேலைக்குப் பஞ்சிப்படுகிறவள் இல்லை. ஆனால் மண்டபத்தில் முன்னால் இருந்த உன் கதிரையில் அவள் இருக்கவில்லை, பிள்ளைகளோடு இருந்தே கை கொடுத்து மௌனத்தை முடித்தாள். அது உன்னுடையது என்று யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்கும். நானும் என் கதிரைக்குப் போகவில்லை. மௌன நேரத்தில் சமையலறையில் அலுவல் இருக்கிறது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு வாரத்தையும் கடத்தினேன். சமைக்கிற சோமா அக்கா என்னைக் கண்டாலே கரண்டியை ஒளித்து வைக்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

கடைசி நாள் மண்டபத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. முகாமை நிறுத்துவதென்றால் முகாமில் இருக்கிறவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும், அதுதான் அந்த இடத்து முறை. என் கதிரையில் போய் இருந்தேன். பக்கத்தில் உன்னுடையது வெறுமையாக இருந்தது. சுருக்கமாகத்தான் சொன்னேன். இது கடைசி முகாம். மற்ற அக்காவும் நானும் சேர்ந்து செய்தது இது, தனிய எனக்கு ஏலாது. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். ஆசிரியை சிங்களத்தில் சொன்னாள். பெரிய பிள்ளைகள் சிலர் தலை குனிந்தார்கள். ஒரு பொடியன், "விளங்குது அக்கா" என்றான். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மௌனத்துக்குப் போனோம். அது முடிந்து கை கொடுத்தால் முகாமும் முடிந்தது.

நான் இருந்தேன். ஜம்பு மரத்தில் அணில் கத்தியது. ஆற்றில் மண் அள்ளுகிற தோணி ஒன்று போனது. போதுமே, இன்னும் என்ன சுணக்கம் என்று எனக்குள் எரிச்சல் வரத் தொடங்கியது, எப்போதும் வருகிற அதே எரிச்சல். அப்போதுதான் கண்டேன், என் வலது கை மடியிலிருந்து அரைவாசி எழும்பி நிற்கிறது. உன் தொண்டைச் செருமலுக்குக் காத்திருக்கிறேன். நீ கை நீட்டுவாய் என்று இருக்கிறேன். இத்தனை காலமும் நீதானே முதலில் நீட்டினாய், நான் ஒருநாளும் நீட்டியதில்லை. எப்படி நீட்டுவது, யாருக்கு நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தேன்.

பிள்ளைகளும் இருந்தார்கள். கை கொடுக்காமல் எழும்பக் கூடாது என்று நீ பழக்கிய பழக்கம். சோமா அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள், போனாள், மறுபடி வந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "பத் சீதல வெனவா" என்றாள். சோறு ஆறுகிறதாம். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

அப்போது தர்ஷி எழும்பி வந்தாள். கிருலப்பனைப் பிள்ளை, இந்த வருஷம்தான் முதல் தரம், எல்லோரிலும் சின்னவள். நேரே வந்து உன் கதிரையில் ஏறி இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை.

"அக்கா, முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

"அப்ப நான் ஒண்டு சொல்லலாமா?"

"சொல்லுங்கோ."

"எனக்குச் சம்மதம் இல்லை."

மண்டபத்தில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. ஏன் என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு அடுத்த வருசம் எட்டு வயசு. கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டன்."

நான் திரும்பவும் விளங்கப்படுத்தினேன். என்னோடு செய்கிற அக்கா இப்போது இல்லை என்றேன். "தெரியும்" என்றாள். "இது அவவின்ரை கதிரை எண்டு சொன்னவை." சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வசதியாக இருந்துகொண்டாள். "நான் கொஞ்சம் இருக்கிறன் அக்கா. உங்களுக்கு மனம் வரட்டும்."

அவள் உன்னைக் கண்டதே இல்லை. எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்தால் சுவரிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும் போல. உன் அடக்கத்தில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. மறைக்கவும் முடியவில்லை, முன்னால் அல்லவா இருக்கிறேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. தர்ஷி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நீ வேணும், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டே நெடுநேரம் இருந்தேன். இருக்க இருக்க மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

பிறகு அவள் கையை நீட்டினாள். இடது கை. சின்னவள்தானே, எந்தக் கை என்று தெரியவில்லை. "பசிக்குது அக்கா" என்றாள். நான் என் கையைக் கொடுத்தேன்.

"சம்மதம் வரேல்லை" என்று எல்லோருக்கும் சொன்னேன். "முகாமை நிப்பாட்டேல்லை." ஆசிரியை அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும் முன்பே மண்டபம் முழுக்க ஆளுக்காள் கை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் வேலையை அடுத்த வருஷம் செய்ய முடியுமா என்று அந்த ஆசிரியையிடம் நானே போய்க் கேட்டேன். எப்போது கேட்பேன் என்று இருந்தவள் போல ஓம் என்றாள். சோறு ஆறித்தான் போயிருந்தது. சோமா அக்கா திட்டிக்கொண்டே பரிமாறினாள்.

சிறுவர் இல்லத்துக்கு நேற்றே தொலைபேசி எடுத்துவிட்டேன். பழையதைத் தரவில்லை, புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன். முதலில் தருகிறோம் என்கிறீர்கள், பிறகு இல்லை என்கிறீர்கள் என்று அந்த அம்மா முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பது நியாயம்தான்.

வெயில் இறங்கிவிட்டது, வலைகளை மடிக்க வேண்டும். தர்ஷியின் தங்கச்சிக்கு அடுத்த வருஷம் ஒரு வலை தேவை, வேறு மிச்சமும் இல்லை. உன்னுடையதைத்தான் கொடுக்கப் போகிறேன். அவள் மூக்கைச் சுளிப்பாள், இது என்ன மணம் என்று கேட்பாள். தைலத்தில் தொடங்கினால் மீன் லொறிக்கும் பூனைகளுக்கும் போக வேண்டிவரும். உன் கதையைத் தொடங்கினால் எனக்கு முடிக்கத் தெரியாது. அதைத் தர்ஷி பார்த்துக்கொள்வாள். பசி வந்தால் கையை நீட்டுவாள்.